பேனர் கடையும் படம் போன லேப்டாப்பும்

பேனர் டிசைன் போடும் தொழிலில் பாதி வேலை கம்ப்யூட்டரில் நடக்கிறது. மீதிப் பாதி, நம் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரின் வாயில் நடக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது, வயதான லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, பின்னால் இருப்பவரிடம் "ஒரு நிமிஷம், ரீஸ்டார்ட் ஆகுது" என்று சொல்லி அசடு வழிந்திருந்தால், வாருங்கள், நாம் ஒரே கட்சி. அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று நமக்குத்தான் தெரியும்.

சின்னமனூரில், மேகமலைக்குத் திரும்பும் சாலைக்குக் கொஞ்சம் முன்னால் என் கடை. கடை என்றால் ஒரு மேசை, சில நாற்காலிகள், ஒரு லேப்டாப். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் டிசைன் நான் போடுவேன். அச்சடிப்பது தேனியில் ஒரு பிரஸ். பைல் நெட்டில் போகும், பேனர் பஸ்ஸில் வரும். லேப்டாப்பில் படம் காட்டுவதற்கென்றே தனியாக ஒரு கிராபிக்ஸ் சிப் உண்டு. வாங்கும்போது அதற்காகத்தான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை எடுத்தேன். முதலில் மண்டையைப் போட்டதும் அதுதான்.

புதுசு வாங்கவேண்டியதுதானே என்பீர்கள். கையில் இருந்தால் வாங்கமாட்டேனா? வாங்க முடியாத நிலைமைக்கு மாற்று ஒன்று தயாராக இருந்தது. என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி இதே ஊரில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் வாங்க மாப்ள என்று வெகுநாளாகக் கூப்பிடுகிறார். தங்கமான மனிதர். ஆனால் மச்சான் மண்டியில் போய் உட்காருகிற அன்று, நான் டிசைனர் இல்லை, மண்டிக்காரரின் மாப்பிள்ளை. இந்த லேப்டாப் ஓடுகிறவரை எனக்குக் கடை உண்டு, பெயர் உண்டு, நின்றால் வாழைக்காய். அந்தப் பயத்தில்தான் இதோடு நான் இவ்வளவு மல்லுக்கட்டினேன்.

பச்சைக் கோடு

முதலில் வந்தது கோடு. சொட்டுநீர்க் குழாய்க் கடை திறக்கப்போகிற ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடைப் பெயரை வளைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைப் பச்சையாகக் கோடுகள் இறங்கின. நான் மவுசை விட்டுக் கையை எடுத்தேன். அவரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குகிற மாதிரியே இருக்கிறதாம். இவ்வளவு சீக்கிரமாக எப்படிப் போட்டேன் என்று வேறு ஆச்சரியப்பட்டார்.

நான் லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். கோடு போய்விட்டது. அவர் முகமும் போய்விட்டது. இது மெஷின் கோளாறு என்று விளக்கினேன், கையெடுத்துக் கும்பிடாத குறையாக விளக்கினேன். கடைசியில் அந்தக் கோளாறை நானே உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாக, மவுசால் வரையவேண்டியதாயிற்று. வரைந்து முடித்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"மெசின் தானா போட்ட கோடுல இருந்த களை, நீங்க போட்டதுல இல்லையே தம்பி."

மஞ்சள் மாப்பிள்ளை

கோடு வந்தால் எந்தெந்த வழியில் பார்க்கவேண்டுமோ அத்தனையும் பார்த்தேன். டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். புதிய டிரைவரை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டேன். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டு டிவியில் வயரை மாட்டிப் பார்த்தேன். டிவியிலும் அதே கோடு. அப்படியென்றால் திரை நல்லவன், சிப்தான் குற்றவாளி. இந்த மாடலில் படம் எல்லாம் அந்த ஒரே சிப் வழியாகத்தான் வரவேண்டும், வேறு பாதை கிடையாது. தெரிந்துகொண்டதில் நிம்மதியா என்றால், இல்லை. நோயின் பெயர் தெரிந்ததுதான் மிச்சம்.

கோடு குறைந்தது, ஆனால் வண்ணம் மாறிப்போனது எனக்குத் தெரியவில்லை. திரை கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகிக்கொண்டே வந்திருக்கிறது, கண் பழகிவிட்டது. ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை முகம் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து, பாவம் பையன் என்று மஞ்சளை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். திரையில் ராஜா மாதிரி வந்துவிட்டான். தேனியில் அச்சாகி மண்டபத்து வாசலில் ஏறியபோது பையன் பழுத்த எலுமிச்சை நிறத்தில் இருந்தான். பக்கத்தில் பெண்ணும் அதே நிறம் என்றால் தப்பித்திருப்பேன். பெண் படத்தை நான் தொடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மண்டபத்திலிருந்து நேராக என் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"பையனுக்கு மஞ்சக்காமாலையான்னு பொண்ணு வீட்ல கேக்குறாக. நான் டாக்டரக் கூட்டிட்டுப் போகவா, உங்களக் கூட்டிட்டுப் போகவா?"

சாபுவின் சமாதானம்

தேனியில் சாபு என்று ஒருவர் சிப் வேலை பார்க்கிறார். குமுளிப் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி மலையாளம். லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு "கொழப்பமில்லா சேட்டா" என்றார். எனக்கும் அப்போது குழப்பம் இல்லை, பயம்தான் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர்கள் ஊரில் அதற்குப் பிரச்சினை இல்லை என்று அர்த்தமாம். எனக்குப் பிரச்சினை இருந்தது.

சிப்புக்கு அடியில் கடுகை விடச் சின்னச் சின்ன ஈய உருண்டைகள் இருக்கின்றன, சூடாகிச் சூடாகி அதில் விரிசல் விட்டுவிட்டது என்றார். சரி, என்ன செய்வீர்கள் என்றேன். சூடு காட்டுவேன் என்றார். சூட்டினால் கெட்டதற்குச் சூடே மருந்தா என்று கேட்டேன். அவர் சுடுகாற்றுத் துப்பாக்கியை எடுத்து அந்தக் கறுப்புச் சதுரத்தின் மேல் பிடித்தார். நான் பார்க்கமாட்டாமல் வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தால் திரை பளிச்சென்று இருக்கிறது! கோடு இல்லை, நீலம் இல்லை. சாபுவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

"சந்தோஷப்பட வேண்டா சேட்டா. நான் இதச் சரியாக்கல, சமாதானப்படுத்தி விட்டிருக்கேன்."

வாழைமட்டை

சமாதானம் ஆடி வரைக்கும்தான் தாங்கியது. காற்றுக்காலத்தில் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் நல்லா இருக்கட்டும். மண், சருகு, ஏலக்காய்த் தொலி, கோழி இறகு எல்லாம் கடைக்குள் வந்து உட்காரும். அத்தனையையும் லேப்டாப்பின் குட்டி விசிறி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிரஷ் வைத்துச் சுத்தம் செய்தேன், சிப்புக்கு மேல் சூடு கடத்தும் புதுப் பசை தடவினேன், அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் தூக்கி வைத்தேன். கல்யாண டிசைனைத் திறந்தால் போதும், விசிறி அலறும், அப்படியே அணைந்துவிடும்.

ஒருநாள் மச்சான் அந்தோணி வந்தார். லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்தவர் போல உச்சுக்கொட்டினார். எழுந்து போய், மண்டியிலிருந்து அப்போது உரித்த வாழைமட்டை இரண்டை எடுத்து வந்து டம்ளர்களுக்கு நடுவில் வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொல்லக் கூடாது, அன்று சாயங்காலம் வரை அது அணையவே இல்லை. மறுநாள் காலையில் கீபோர்டுக்குள்ளிருந்து எறும்பு வரிசை. நான் தலையில் அடித்துக்கொள்ள, மச்சான் குனிந்து அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். மண்டிப் பேச்சை அன்றைக்கு அவர் எடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுக்கவில்லை போல.

"எறும்பு ஏறுதுன்னா உள்ள இன்னும் உசுரு இருக்கு மாப்ள. அழுகுனதுல அது ஏறாது."

நீல மூஞ்சி

கண்ணீர் அஞ்சலி என்றால் பொறுக்காது. காலையில் இறந்தவருக்கு மதியத்துக்குள் தெருவில் போஸ்டர் இருக்கவேண்டும். பொட்டிப்புரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், அவருடைய அப்பா அன்று விடியற்காலையில் இறந்திருந்தார். கொண்டுவந்தது தோட்டத்தில் எடுத்த படம்: தலையில் துண்டு, மேலே ஒன்றும் இல்லை, கையில் மண்வெட்டி. துண்டை எடுத்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால் மேகம் வைத்தேன். மகன் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயரை எழுதி முடிக்கும்போது திரை முழுக்க நீலமானது. நம் கட்சிக்காரர்களுக்கு அந்த நீலம் தெரியும். நடுவில் இரண்டு புள்ளியும் ஒரு வளைவுமாக ஓர் அழுமூஞ்சி, அதற்குக் கீழே என்னமோ கோளாறு என்று ஆங்கிலத்தில். நான் கழுத்தைத் திருப்பவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்புவது? பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது, அவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். அந்த மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் புதிதாக ஏதோ போட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம்.

"இந்த மூஞ்சி வேணாம் தம்பி. எங்கப்பா எதுக்கும் மூஞ்சியத் தொங்கப் போடமாட்டாக."

டிங்

அடுத்து வந்தது என் வீட்டு விசேஷம். மகள் ரோசிக்குப் புதுநன்மை. பிள்ளைகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள்; கிறிஸ்தவ வீடுகளில் அது காதுகுத்துக்குச் சமம். வெள்ளைக் கவுன், தலையில் பூ முடி, கையில் மெழுகுவர்த்தி. மதம் மாறி எத்தனை தலைமுறை ஆனாலும் எங்களிடம் ஒன்று மட்டும் மாறவில்லை, அது தாய்மாமன் சீர். கவுன் எடுத்துக் கொடுப்பதும் அவர்தான், பூசை முடிந்ததும் மேளத்தோடு தட்டு கொண்டுவருவதும் அவர்தான். பேனரில் பிள்ளைக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் அவர் முகம் இருக்கவேண்டும். "எங்கண்ணன் படம் பெருசா இருக்கட்டும்" என்று ஸ்டெல்லா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அண்ணன் ஒருவர்தான் அவளுக்குப் பிறந்த வீடு. அப்பா அம்மா இல்லை.

ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டு, விசேஷத்துக்கு முதல் நாள், சனிக்கிழமைதான் எங்கள் வீட்டு பேனரில் கைவைத்தேன். இந்தத் தொழிலில் யாரும் வெறும் பக்கத்தில் ஆரம்பிப்பதில்லை. பழைய பேனர் ஒன்றைத் திறந்து, படத்தை மாற்றி, பெயரை மாற்றி விடுவதுதான் வழக்கம். கோம்பையில் ஒரு காதுகுத்துக்குப் போட்டதைத் திறந்தேன். பிள்ளை படத்துக்குப் பதில் ரோசி, விநாயகருக்குப் பதில் நற்கருணைப் பாத்திரம், தலைப்பும் மாற்றினேன். அளவு சரியா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி மதியமே அந்த அரைகுறையைப் பிரஸ்ஸுக்கு அனுப்பி வைத்தேன். சாப்பிட்டு வந்து மச்சான் படத்தை வட்டத்துக்குள் வைத்தேன், அவருக்கும் வெள்ளைச் சட்டை மாட்டினேன், பெயரை எழுதினேன். நிமிர்ந்து பார்க்கிறேன், திரை இருட்டாகிவிட்டது.

அணையவில்லை. விசிறி ஓடுகிறது, கீயைத் தட்டினால் சத்தம் வருகிறது, படம் மட்டும் இல்லை. வீட்டு டிவியைத் தூக்கி வந்து மாட்டினேன், அதிலும் இருட்டு. சாபுவுக்குப் போன் போட்டால் குமுளியில் வீட்டில் இருக்கிறாராம், "திங்களாழ்ச்ச நோக்காம்" என்றார், திங்கட்கிழமை பார்க்கலாமாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விசேஷம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் தோன்றியது: என் விரலுக்குத்தான் வழி தெரியுமே, கண் எதற்கு? கண்ட்ரோல் எஸ், சேமிக்க. கண்ட்ரோல் ஈ, அச்சுக்கு அனுப்ப. என்டர். லேப்டாப் "டிங்" என்றது. அந்தச் சத்தத்தில் எனக்கு உயிர் வந்தது. அந்தப் படம் போய் விழுவது, பைலைப் போட்டால் தானாகப் பிரஸ்ஸுக்குப் போய்விடுகிற போல்டரில். பிரஸ்ஸுக்குப் போன் செய்து வந்துவிட்டதா என்று கேட்டேன், வந்திருக்கு என்றான். அச்சுக்குப் போகும் படத்தை எனக்கு வாட்ஸாப்பில் ஒருதடவை அனுப்பு என்றேன், அனுப்பினான். பார்த்தேன். ரோசி இருக்கிறாள், பக்கத்தில் வட்டத்துக்குள் மீசையோடு, வெள்ளைச் சட்டையில் மச்சான் இருக்கிறார். அடித்துவிடு என்றேன். பிரஸ்காரன் குரலில் அப்படி ஒரு திருப்தி.

"மாமா முகம் தெளிவா விழுந்திருக்குண்ணே, கவலையே படாதீக."

கோம்பை முத்துக்காளை

என்னிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. காலர் விறைப்பாக நிற்கும் நல்ல சட்டை. எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது. பனியனோடு படம் கொடுத்தவர், துண்டோடு கொடுத்தவர், கட்டம் போட்ட சட்டையில் கொடுத்தவர் எல்லாருக்கும் அதைத்தான் மாட்டிவிடுவேன். கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் மாப்பிள்ளை, மாமனார், இருப்பவர், போனவர் அத்தனை பேரும் என் பேனரில் அந்த ஒரு சட்டையில்தான் நின்றார்கள். போன் திரையில் நகக்கண் அளவு வட்டத்துக்குள், அந்தச் சட்டையில், மீசை வைத்த எல்லாத் தாய்மாமனும் ஒரே ஆள்தான். பெரிதாக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பேனர் வந்தது. சொந்தக்காரர்கள் வாங்கிப்போய்த் தெருமுனையில் கட்டிவிட்டார்கள். நாங்கள் கோயிலில் இருந்தோம். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, பந்தியில் இலை போட்டு நிற்கும்போது மேளச் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா முகமெல்லாம் சிரிப்பாக வாசலுக்கு ஓடினாள். மேளம் தெருமுனை வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

நானும் ஓடினேன். மச்சான் பட்டு வேட்டியில் நிற்கிறார். பின்னால் அவர் வீட்டுப் பெண்கள், கையில் பழத்தட்டு, துணித்தட்டு, பலகாரத் தட்டு. எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனரில் ரோசி கைகூப்பிச் சிரிக்கிறாள். பக்கத்து வட்டத்தில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில் "சீர் கொண்டுவரும் தாய்மாமன், கோம்பை முத்துக்காளை". மதியம் அளவு பார்க்க அனுப்பிய அரைகுறைதான், பழைய காதுகுத்தின் தாய்மாமனோடு, அச்சாகியிருக்கிறது. டிங் என்றது "ஆயிற்று" இல்லை, "ஆகவில்லை" என்று சொன்ன சத்தம். கூட்டத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "யாருலே அது, ரோசி ஆத்தாளுக்கு இன்னொரு அண்ணனா?" என்று ஒரு குரல். மச்சான் என்னைப் பார்த்துத் திரும்பினார். "என்ன மாப்ள, கோம்பைக்காரரு சீர் கொண்டாந்துட்டாகளா? இல்ல, நான் கொண்டாந்ததையும் வாங்கிக்கிருவீகளா?" என்றார். நான் மெஷின், டிஸ்ப்ளே, பைல் என்று என்னென்னமோ உளறினேன். செத்துவிடலாம் போல இருந்தது.

மச்சான் உள்ளே வந்தார். தட்டுகளை வைக்கச் சொன்னார். ரோசி நெற்றியில் சிலுவை வரைந்தார், கொண்டுவந்த கொலுசை அவரே மாட்டிவிட்டார். குழந்தையிடம் சிரித்துத்தான் பேசினார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டார். ஸ்டெல்லா இலைக்கு முன்னால் தண்ணீர் வைத்துவிட்டு அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனாள். சீர் கொண்டுவந்த அண்ணன் தங்கை வீட்டில் கை நனைக்காமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சாயங்காலம் எல்லாரும் போனபின், அவர் சாப்பிடாத அந்த இலையை எடுக்காமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"ஊருக்கெல்லாம் தாய்மாமன் போட்டுக் குடுத்தீக. எனக்கு இருந்தது ஒரே ஒருத்தரு."

பின்னால் உள்ள நாற்காலி

திங்கட்கிழமை சாபு அந்தச் சிப்புக்கு இன்னொரு தடவை சூடு காட்டினார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காட்டினார், கருகின வாசனைதான் வந்தது. லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளினார். கடை போயிற்று என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. மண்டி வேண்டாம் என்று இத்தனை நாள் ஓடினேனே, இப்போது அந்த மண்டி வாசலையும் மிதிக்க முடியாது, அதுகூடப் பெரிதில்லை. வீட்டில் ஒருத்தி அண்ணனுக்குப் போன் போடுவதும், அந்தப் பக்கம் எடுக்காமல் இருப்பதும், வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவதுமாக இருந்தாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

உத்தமபாளையத்தில் ஒரு பேனர் கடைக்குப் போனேன். சின்னமனூரில் எந்தக் கடைக்கும் போக வெட்கம். டிசைன் போடுவது ஒரு பெண்; புதுக் கம்ப்யூட்டர், தட்டியதும் திறக்கிறது. பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. ரோசி படத்தை ஓரமாக வைத்து, மச்சான் படத்தை நடுவில் பெரிதாகப் போடச் சொன்னேன். இன்னும் பெரிதாக என்றேன். மீசை இன்னும் கொஞ்சம் கறுப்பாக என்றேன். சட்டையை மாற்றவேண்டாம், அவர் போட்டிருக்கிற சட்டையிலேயே இருக்கட்டும் என்றேன். பெயருக்குக் கீழே "எங்கள் ஒரே தாய்மாமன்" என்று எழுதச் சொல்லி, "ஒரே" மட்டும் சிவப்பில் வேண்டும் என்றேன். அவள் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்தாள். விசேஷத் தேதி கேட்டாள், சொன்னேன். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணே, விசேஷம் முடிஞ்சுபோச்சே. இனிமே இத யாரு பாக்கப் போறாக?"

மழை

மண்டிக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு கம்பு நட்டுக் கட்டினேன். கட்டும்போது மண்டிக்குள்ளிருந்து லோடு ஏற்றும் ஆட்கள் பார்த்தார்கள். மச்சான் கல்லாவில் இருந்தார், தலையைத் தூக்கவில்லை. மறுநாள் போனேன், பேனர் இருந்தது, அவர் குனிந்து பில் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. தன் முகம் அத்தனை பெரிதாக எதிரே நிற்க ஒரு மனிதன் நிமிராமல் இருக்கமுடியுமா என்று எனக்கு ஆத்திரம்கூட வந்தது. ஸ்டெல்லாவிடம் அதைச் சொன்னேன். அவள் அண்ணனுக்கு இன்னொரு தடவை போன் போட்டாள்.

அப்புறம் ஒரு மத்தியானம் மேகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, திடீரென்று கொட்டித் தீர்த்தது. பேனர் என்ன ஆயிற்றோ என்று நனைந்துகொண்டே ஓடினேன். கம்பு இரண்டும் நிற்கிறது, பேனரைக் காணவில்லை. காற்று தூக்கிப்போய்விட்டது, அவ்வளவுதான் என்று அங்கேயே நின்றுவிட்டேன். மண்டி வாசலில் கேரளாவுக்குப் போகும் லாரி ஒன்றில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் எட்டாத பின்பக்கத்தில், தார்களுக்கு மேலே, மழையை வாங்கிக்கொண்டு மச்சானின் முகம் விரிந்து கிடந்தது. மீசைக்குக் குறுக்கே கயிறு. "ஒரே" என்ற சிவப்பு எழுத்தின் மேல் தண்ணீர் தேங்கி நின்றது. அவரே லாரிக்குப் பக்கத்தில் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கும்பிட்டேனா, சும்மா நின்றேனா, ஞாபகமில்லை. முடிச்சை இறுக்கிப்போட்டுவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பேனரு நல்ல கனமாத்தான் போட்டிருக்கீக மாப்ள, ஒரு காய் நனையல. மழைல நிக்காம வீட்டுக்குப் போயி, இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு நான் வாரேன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிட்டு, நாளைக்கு வெள்ளன இங்கன வந்துருங்க, கணக்கு குமிஞ்சு கெடக்கு."

ஆக, என் டிசைன் வாழ்க்கை முழுவதிலும் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு திருத்தம்கூடச் சொல்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே பேனர், நான் டிசைன் போடாத பேனர்தான்.